கடலுக்குப் போன ஃபைல்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தது. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பிரவுசிங் சென்டரில் கூட்டிப் பெருக்கப் போனேன். திரையில் என்ன வந்தாலும் யாரையாவது கேட்டு அர்த்தம் தெரிந்துகொள்வேன். கம்ப்யூட்டர் நல்லபடியாக ஓடும்போது ஒன்றும் பேசாது. ஏதாவது கெட்டுப்போனால்தான் வாயைத் திறக்கும். அதனால் மிஸ்ஸிங், ஃபெயில்ட், இன்வாலிட், டினைட் என்றுதான் என் இங்கிலீஷ் ஆரம்பித்தது. பூவுக்கும் மழைக்கும் இங்கிலீஷில் என்ன என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஏற்கெனவே பயந்த சுபாவம். வந்து சேர்ந்த பாஷையும் இப்படி.

இப்போது ராயபுரத்தில், காசிமேட்டுக்குத் திரும்புகிற சாலையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், நான். ஆதார் பிரிண்ட், ரீசார்ஜ், கரண்ட் பில். அதோடு பழைய கம்ப்யூட்டர் பார்ப்பேன். புதுசைப் பார்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். பழசை எடுத்துக்கொண்டு போனால் எல்லோரும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். எனக்கு எதையும் தூக்கிப் போடச் சொல்ல மனசு வராது. நாளைக்கு அதில் இருந்து ஏதாவது வேண்டும் என்று வந்து நின்றால்?

அப்படித்தான் என் மூளை வேலை செய்யும். கடையைப் பூட்டியதும் பூட்டைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்வேன். வழியில் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். பார்த்தால் இது நேற்று எடுத்த போட்டோவோ என்று ஒரு சந்தேகம் வரும்.

போன தடைக்காலம் முடியப் போகிற சமயம் அது. கடலுக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் நிறுத்தி வைக்கிற அந்த நாட்களில் காசிமேடு முழுக்க பெயிண்ட் வாசனை அடிக்கும். ஓட்டை அடைப்பார்கள், வலை பின்னுவார்கள், இஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள். முடிகிற தேதி நெருங்க நெருங்க எல்லோருக்கும் காலில் சக்கரம் முளைத்துவிடும். அந்த மாதிரி ஒரு காலையில், ஒரு டிரைவர் அண்ணன் என் கடைக்குள் வந்தார். எங்கள் பக்கம் டிரைவர் என்றால் லாரி டிரைவர் இல்லை. விசைப்படகு ஓட்டுகிறவர். கையில் நைலான் பை. பைக்குள் லுங்கி சுற்றிய ஏதோ ஒன்று.

"தங்கச்சி, கடையில வேற யாரும் இல்லியே?"

"இல்லண்ணா."

"வருவாங்களா?"

"கடைன்னா நாலு பேர் வரத்தான் செய்வாங்க."

"ஷட்டரைப் பாதி எறக்கேன்."

"ஏண்ணா, எதிர்ல டீக்கடையில ஊரே குந்தினு கீது. பட்டப்பகல்ல ஷட்டர எறக்கினா இன்னா நெனப்பாங்க?"

அவர் யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, லுங்கியைப் பிரித்தார். உள்ளே ஒரு லேப்டாப். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஆனால் ரொம்பப் பழசு இல்லை.

விஷயம் இதுதான். கடலில் எங்கே மீன் கிடைத்தது, எங்கே மூழ்கின கப்பல் கிடக்கிறது, எங்கே பாறை இருக்கிறது என்று ஒவ்வொரு டிரைவரும் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைப்பார். அதற்குப் பாயிண்ட்டு என்று பெயர். மீன் இருக்கிற பாயிண்ட்டு வயிற்றுக்கு. பாறை இருக்கிற பாயிண்ட்டு வலைக்கு. அது தெரியாமல் வலையை இழுத்தால் வலை கிழிந்து கயிறு மட்டும்தான் மேலே வரும். ஒரு டிரைவரின் பாயிண்ட்டு இன்னொரு டிரைவருக்குத் தெரியக் கூடாது. பெண்டாட்டிக்குக் கூடச் சொல்வதில்லை. இவருடைய படகில் தடைக்காலத்தில் வெல்டிங் வைத்தபோது யாரோ வயரைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள். பழைய ஜிபிஎஸ் புகைந்து செத்துப்போயிற்று. படகு முதலாளி புதுசு வாங்கி மாட்டிவிட்டார். புதுசு காலியாக இருக்கிறது. பாயிண்ட்டு எல்லாம் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கிற புரோகிராம் ரொம்பப் பழையது, திறக்க மாட்டேன் என்கிறது.

"மொதலாளி நேத்து கேட்டுட்டாரு தங்கச்சி. பாயிண்ட்டு கீதா இல்லியா, இல்லன்னா இப்பவே சொல்லு, நான் வேற டிரைவரைப் பாத்துக்கிறேன்னு. போட்டு அவருது. பாயிண்ட்டு ஒண்ணுதான் என்னுது. அத்த நம்பித்தான் வீலை என் கையில குட்து வெச்சிகிறாரு."

"இன்னா சொன்னீங்க?"

"கீதுன்னு சொல்லிட்டேன்."

அவர் வேலை போவதும் நிற்பதும் இனிமேல் என் கையில் என்று நினைத்ததும் தண்ணீர் குடித்தேன். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் அவர் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, நெட் கூடாது. "நெட்டு மாட்டினா பாயிண்ட்டு மேல போய்டும். மேல போச்சின்னா காசிமேட்டுக்கே வந்துடும்." இரண்டாவது, நான் திரையைப் பார்க்கக் கூடாது.

"பாக்காம எப்டிண்ணா ரிப்பேர் பண்றது?"

"நான் துண்டப் புட்ச்சிகிறேன். எது பாக்கணுமோ அத்த மட்டும் காட்றேன்."

சொன்ன மாதிரியே தோளில் இருந்த துண்டை எடுத்துத் திரைக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். நான் துண்டுக்கு அடியில் கையை விட்டு, அவர் சொல்லச் சொல்ல மௌஸை நகர்த்தினேன். மேலே, இன்னும் மேலே, தாண்டிட்ட, பின்னாடி வா. கப்பலைக் கரைக்குக் கட்டுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அந்தப் புரோகிராமின் படத்தின் மேல் இரண்டு தட்டு தட்டியதும் டொங் என்று ஒரு சத்தம்.

"ஒரு பொட்டி வந்துட்சி."

"அதைக் காட்டுங்கண்ணா."

துண்டை ஒரு ஓரத்தில் தூக்கினார். எனக்கு ரொம்பப் பழக்கமான சதுரம். இன்ன பெயர் கொண்ட டி.எல்.எல். ஃபைல் மிஸ்ஸிங், அதனால் புரோகிராம் கிளம்பாது. என் தாய்மொழி மாதிரி படித்தேன்.

"இன்னா சொல்லுது?"

"எந்தப் புரோகிராமும் தனியா ஓடாதுண்ணா. விண்டோஸுக்குள்ள பொதுவா சின்னச் சின்ன ஃபைல் நெறைய இருக்கும். இது அதுல சிலத வேலைக்குக் கூப்புடும். கூப்ட்ட ஆளு வரல."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஐஸ் ஏத்தல. ஐஸ் ஏத்தாம போட்டு எப்டி போவும்."

அந்த ஃபைல் கஷ்டம் இல்லை. விண்டோஸ் செய்கிற கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே கிடைக்கும். என் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டு, அவர் லேப்டாப்பில் மாட்டினேன். வேலை முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றப் போனேன். அவர் என் கைக்கு முன்னால் கையை வைத்தார்.

"உள்ள போனது வெளிய வரக் கூடாது தங்கச்சி."

"அது என்னோடதுண்ணா."

"அதுல இப்போ இன்னா ஒட்டிகினு கீதோ யாருக்குத் தெரியும்." கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் எனக்கு அது பிடித்திருந்தது. என்னைப் போலவே பயப்படுகிற ஓர் ஆளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

மறுபடி தட்டினோம். மறுபடி டொங். அதே பெயர், அதே மிஸ்ஸிங். இப்போதுதான் கொண்டுவந்து வைத்தேன், எப்படி இல்லாமல் போகும்? லேப்டாப்பே என்னால் கெட்டுவிட்டது, இனி அந்த முதலாளி நேரே என் கடைக்கு வரப் போகிறார் என்று அடுத்த வாரம் வரைக்கும் பயந்து முடித்த பிறகுதான் புத்தி வந்தது. விண்டோஸில் இதற்கென்று இரண்டு ஃபோல்டர் உண்டு. பழைய புரோகிராம் தேடுவது ஒன்றில், நான் வைத்தது இன்னொன்றில். பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும். தெரிந்த விஷயம்தான், ஆனால் பதற்றத்தில் கை எப்போதும் தப்பான ஃபோல்டருக்குத்தான் போகும். எடுத்துச் சரியான இடத்தில் வைத்தேன்.

இப்போது வேறு பெயர் கேட்டது. இதுவும் கிடைக்கிற ஃபைல்தான். இன்னொரு பென் டிரைவ் அவர் பைக்குள் போயிற்று. இதை வைத்தால் மட்டும் போதாது, விண்டோஸிடம் பெயர் பதிய வேண்டும்.

"கடலுக்குப் போவ டோக்கன் போட்ற மாறி," என்றார்.

"அதேதாண்ணா."

"இத்த எவன் கண்டுபுட்ச்சானோ, அவனும் நம்ம ஆளுதான்."

டோக்கன் போட்டோம். தட்டினோம். மூன்றாவது பெட்டி வந்தது. இந்தத் தடவை கேட்ட பெயரை நான் பார்த்ததே இல்லை. அந்தப் புரோகிராமைச் செய்தவர்கள் அதற்காகவே தனியாகச் செய்த ஃபைல். அவர்கள் கம்பெனியைத் தேடினேன். எப்போதோ மூடியிருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டால் நான் தருகிறேன், நான் தருகிறேன் என்று ஏழெட்டுத் தளங்கள் பச்சைப் பட்டனோடு வந்து நின்றன. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அப்படி ஒரு பட்டனை அமுக்கப்போய், உள்ளே வந்த வைரஸ் யாருடைய கல்யாண போட்டோவையோ மொத்தமாகப் பூட்டிவிட்டது. நான் மௌஸில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் அவர் வீட்டம்மா வந்தார். ஏலக் கூடத்தில் மீன் எடுத்து விற்கிறவர். தடைக்காலத்தில் கட்டுமரக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்ச நஞ்சத்தை வைத்து ஓட்டுவார். உள்ளே வந்து புருஷனையும் துண்டையும் துண்டுக்கு அடியில் இருந்த என் கையையும் பார்த்தார்.

"இன்னாய்யா இது, லேப்டாப்புக்குப் பிரசவம் பாக்கறியா?"

"கம்முனு இருமே. ஃபைல் ஒண்ணு காணோம்."

எனக்கு அப்போதுதான் சட்டென்று ஒன்று தோன்றியது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. "அண்ணா, இந்த லேப்டாப்புக்கு முன்னாடி இது எதுல இருந்துச்சு?"

"பயசு ஒண்ணு வெச்சிருந்தேன். அது தொறந்தா மூடாது, மூடினா தொறக்காது. அதான் போன வருசம் இத்த வாங்கி, பாயிண்ட்டு இருந்த ஃபோல்டர மட்டும் இதுக்கு மாத்திக்கினேன்."

"அந்தப் பழசு போதும்ணா. அதுல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இந்த ஃபைல் கட்டாயம் இருக்கும். நீங்க போட்டை மட்டும் எட்துகினு, ஏறின ஆளுங்கள விட்டுட்டு வந்துட்டீங்க. லேப்டாப்பு ஓடலன்னாலும் பரவால்ல, டிஸ்க்கு இருந்தா எடுத்துடுவேன். வூட்ல தானே கீது?"

அவர் துண்டை மடித்தார். பிரித்தார்.

"எங்கண்ணா கீது?"

"கடல்ல."

"கடல்ல எங்க? போட்லயா?"

"கடல்ல தங்கச்சி. கடலுக்கு உள்ள." ரோட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சாத்தாங்காட்டு காயலாங்கடையில போட்டா எவன் கையில போவுமோ. ஒடைச்சி குப்பையில போட்டா எவனாவது பொறுக்கினு போய் ஒட்ட வெச்சான்னா? அதான், கிழிஞ்ச வலையில சுத்தி, வலைப் பலகைக்குக் கட்ற இரும்பக் கட்டி, ஆழத்துல எறக்கிட்டேன்."

அவர் வீட்டம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"அத்த எறக்கின எடத்துக்கு ஒரு பாயிண்ட்டு போட்டு வெச்சிகிறியா?"

அந்தச் சிரிப்பு எனக்கும் வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. அவர் முகம் அப்படி இருந்தது. வீட்டம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதே புரோகிராம் வேற யார்கிட்டயாவது கீதாண்ணா? பழைய மிஷின்ல, ஓடற மாதிரி?"

அவர் தலையை ஆட்டினார். ஆமா என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை. வீட்டம்மாதான் சொன்னார். "கீது. சொல்ல மாட்டாரு. எந்த வாயால கேக்கறதுன்னு குந்தினு கீறாரு."

ஒரே ஆள்தான் அந்தக் காலத்தில் இரண்டு படகுக்கும் அந்தப் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தாராம். இன்னொரு படகின் டிரைவர் இவருடைய பழைய தோஸ்து. ஒரு சீசனில், இவர் போகிற இடத்துக்கெல்லாம் அந்தப் படகும் பின்னாலேயே வந்தது, பாயிண்ட்டைத் திருடப் பார்த்தான் என்று இவர் சொல்லப்போய், அதில் இருந்து பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில்தான் கட்டுகிறார்கள். ஒருவர் கயிற்றைத் தாண்டித்தான் இன்னொருவர் ஏற வேண்டும். ஏறுவார்கள். பேச மாட்டார்கள்.

"அவன்கிட்ட போய் நான் நின்னா, பாயிண்ட்டு இல்லாத டிரைவர்னு ஹார்பர் முழுக்க டமாரம் அடிச்சிடுவான்."

"நீ நிக்க வேணாம். அவன் பொண்டாட்டியும் நானும் தெனிக்கும் ஒரே பலகையில குந்தித்தான் மீன் விக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிக்கினா நாங்களும் திருப்பிக்கணுமா?"

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருக்கு ஆதாரின் முன்பக்கத்தையே இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்தேன். அந்த தோஸ்து வராமல் போனால் இவர் வேலை போய்விடும். வந்தால் என் கடையில் சண்டை வரும், ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடி உடையும். கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்பதற்கு ராத்திரி ஒரு யோசனை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

மறுநாள் காலை இரண்டு டிரைவர்களும் வந்தார்கள். ஒரே நேரத்தில் வந்துவிடக் கூடாது என்று இருவரும் ஆளுக்கு ஒரு டீ குடித்துக்கொண்டு எதிர்க் கடையில் காத்திருந்து, கடைசியில் ஒரே நேரத்தில் ரோட்டைத் தாண்டினார்கள். தோஸ்து தன் லேப்டாப்பை மீன் போடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, மேலே சாக்கு போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். அது எலும்புக்கூடு மாதிரி இருந்தது. பேட்டரி இல்லை, இரண்டு எழுத்துக் கட்டை இல்லை. ஆனால் ஆன் செய்ததும் அந்தப் பழைய விண்டோஸின் பாட்டு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வரப் பார்த்தது. நான் வேலை கற்றுக்கொண்ட சத்தம் அது.

இடம் போதவில்லை. மேஜையில் இரண்டு லேப்டாப்பும் முதுகுக்கு முதுகு. இந்தப் பக்கம் இவர் துண்டு, அந்தப் பக்கம் அவர் சாக்கு. நடுவில் நான். வாசலில் வீட்டம்மா, காவலுக்கு.

தோஸ்து என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ம்மா, அவங்கிட்ட சொல்லு. ஒரு ஃபைல். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல ஒரு எயுத்து என் மிஷின்ல இருந்து வரக் கூடாது."

இவரும் என்னைப் பார்த்தே சொன்னார். "தங்கச்சி, அவங்கிட்ட சொல்லு. அவன் பாயிண்ட்டு எனக்கு இன்னாத்துக்கு? சேறு வாரவா?"

"யோவ்," என்றார் வீட்டம்மா வாசலில் இருந்தே. "ஃபைல் கேக்க வந்தியா, வம்பு இஸ்க்க வந்தியா?"

தோஸ்துவின் சாக்குக்கு அடியில் கையை விட்டு, அவர் அசந்தால் மட்டும் திரையைப் பார்த்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் தேடினேன். இருந்தது. அந்தப் பெயர், அப்படியே. என் கடைசி பென் டிரைவில் போட்டுக் கழற்றினேன்.

கழற்றியதும் பிரச்சினை. அதை இந்த லேப்டாப்பில் மாட்டுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னார் தோஸ்து. நியாயம்தான். என் கம்ப்யூட்டரில் மாட்டி, துண்டும் சாக்கும் இல்லாமல், எல்லோர் முன்னாலும் திறந்து காட்டினேன். ஒரே ஒரு ஃபைல்.

"இத்த தொற."

"தொறந்தா ஒண்ணும் புரியாதுண்ணா."

"பரவால்ல, தொற."

திறந்தேன். கட்டம், கோடு, கேள்விக்குறி, எந்த நாட்டு எழுத்தோ தெரியாத எழுத்து, பக்கம் பக்கமாக ஓடியது. இரண்டு டிரைவர்களும் கிட்டே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். கலங்கின தண்ணீரில் மீன் தேடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன்.

"இதுக்குள்ள என் பாயிண்ட்டு ஒளிஞ்சிகினு இருந்தா?" என்றார் தோஸ்து.

நான் அந்த ஃபைல் செய்த தேதியைக் காட்டினேன். "இது அந்தப் புரோகிராம் செஞ்ச கம்பெனிக்காரன் போட்ட தேதிண்ணா. அதுக்கு அப்பறம் இந்த ஃபைல யாரும் தொடல. உங்க பாயிண்ட்டு இதுக்குள்ள போயிருந்தா தேதி மாறியிருக்கும்."

தோஸ்து தேதியை உற்றுப் பார்த்தார். நம்பிய மாதிரி தெரியவில்லை. அப்போது இவர், முதல் தடவையாக, என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்துப் பேசினார்.

"அந்த வருசம் நீ டிரைவரே இல்லடா. என்கூட சமையல்காரனா வந்துகினு இருந்த. உனுக்கு ஏதுடா பாயிண்ட்டு?"

நான் ஜெராக்ஸ் கண்ணாடியைப் பார்த்தேன். தோஸ்து நிமிர்ந்தார்.

"நான் ஆக்கி நீ துன்ன சோறு. ஒயுங்காப் பேசு," என்றார். பிறகு, "கொயம்புல உப்பு இல்லன்னு என் மேல தட்டத் தூக்கி எறிஞ்சவன் தானே நீ."

"உப்பு இல்ல."

"கடல் நடுவுல குந்தினு உப்பு இல்லன்னான் பாரும்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, கையை ஆட்டினார். மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்.

ஃபைலை வைத்தேன், சரியான ஃபோல்டரில், ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து. டோக்கன் போட்டேன். மௌஸை அவரிடமே கொடுத்துவிட்டு, நானாகவே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டுகிற சத்தம் கேட்டது. டொங் வரவில்லை. வேறு ஒன்றும் வரவில்லை.

"அண்ணா, வந்துச்சா?"

ஃபேன் மட்டும் சுற்றியது.

"யோவ், இன்னாய்யா?" என்றார் வீட்டம்மா.

"கம்முனு இருமே. எண்ணிகினு கீறேன்."

அவர் எண்ணி முடிக்கிற வரைக்கும் நாங்கள் நின்றோம். தோஸ்து மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே மாட்டியிருந்த ஆதார் திருத்தக் கட்டண அட்டையை வரி விடாமல் படித்தார்.

புது ஜிபிஎஸ் மெமரி கார்டில் இருந்து படிக்கும். பழைய புரோகிராமில் இருந்து பாயிண்ட்டுகளைக் கார்டுக்கு எழுத, எங்கே தட்ட வேண்டும் என்று கூரையைப் பார்த்தபடியே சொன்னேன். மேலே இடது பக்கம் முதல் வார்த்தை, அதில் கீழிருந்து மூன்றாவது. அவர் தட்டினார். எழுதியது. அந்தக் கார்டை அவர் தன் நெஞ்சுப் பக்கப் பையில் போட்டு, பையை ஒரு ஊக்கால் குத்திக்கொண்டார்.

முதலாளியிடம் அன்றைக்கே புது ஜிபிஎஸ்ஸில் புள்ளி புள்ளியாகக் காட்டிவிட்டாராம், தூரத்தில் இருந்து, கிட்டே வரவிடாமல். வீல் அவர் கையிலேயே இருந்தது.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. எங்கேயோ படித்திருந்தேன்: பழைய ஜிபிஎஸ்ஸும் புது ஜிபிஎஸ்ஸும் பூமியை வேறு வேறு கணக்கில் அளந்தால், ஒரே எண்ணைப் போட்டாலும் இடம் கொஞ்சம் தள்ளிப்போகும். ஒரு தெரு நீளம் தள்ளினால் போதும். பாறை இல்லை என்று வலை விட்ட இடத்தில் பாறை இருக்கும். ஒரே நாளில் வலையும் போய், வேலையும் போய்விடும். தடை முடிந்து படகுகள் கிளம்புகிற அன்று ஐஸ் ஏற்றுகிற இடத்துக்கே ஓடினேன். அவர் ஐஸ் கட்டியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மொதல்ல வலை போடாதீங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாறை எதாவது, போன் எடுக்கற தூரத்துல கீதா?"

"கீது. மூழ்கின கப்பல் ஒண்ணு. அது தெரியாத ஆளு இல்ல."

"மொதல்ல அங்க போங்க. புது ஜிபிஎஸ்ல அந்தப் பாயிண்ட்டு மேல நிறுத்தி, அடியில கப்பல் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா மட்டும் மத்ததெல்லாம் நம்புங்க. பாத்துட்டு ஒரு போன் பண்ணுங்க."

"நீ கடலுக்கு வர வேண்டிய ஆளு தங்கச்சி," என்றார். "வந்தா ஒர்த்தனும் வலை போட மாட்டான், பத்திரமா திரும்பி வந்துடுவோம்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், சரி என்று தலையாட்டினார்.

படகுகள் போனதும் காசிமேடே காலியாகிவிட்டது. நான் கடைக்கு வந்து போனை மேஜையில் வைத்து, சத்தம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, என் நம்பருக்கே ஒரு முறை போட்டும் பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் வரவில்லை. சிக்னல் தாண்டிப் போய்விட்டார், பார்க்க மறந்துவிட்டார், பார்த்தார் ஆனால் கப்பல் இல்லை. இப்படி ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன.

வெயில் சாய்கிற நேரத்தில் அவர் வீட்டம்மா வந்தார். போன் அவருக்கு வந்திருந்தது. கையில் ரேஷன் கார்டு.

"இத்த ரெண்டு காப்பி எடு," என்றார்.

"அக்கா, போன் வந்துச்சா?"

"வந்துட்சி. பாயிண்ட்டு மேல நின்னாராம், நேர் கீய கப்பல் கீதாம். ஒரு முழம் தள்ளலியாம். உங்கிட்ட சொல்லச் சொன்னாரு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ரேஷன் கார்டு மிஷினிலேயே கிடந்தது.

"இன்னொண்ணு கேளேன். வயர்லெஸ்ல அவரு தோஸ்து கூப்ட்டானாம். எங்கடா கீறன்னு. இந்தாளு எண்ணூருக்கு நேரா கீறேன்னாராம். எண்ணூர்ல இன்னா கீது, கரண்ட்டு கம்பெனி சாம்பதான் கீது. அவனாவது உண்மையச் சொன்னானான்னா, பயவேற்காட்டுக்கு மேல போய்கினு கீறேன்னானாம். ரெண்டு பேருமே அங்க இல்ல." கார்டை எடுத்து மறுபக்கம் திருப்பி மிஷினில் வைத்தார். "அர மணி நேரம் பேசினாங்களாம்."